அட்டவணையில் இருக்கும் சார்புக்குச் சிறுமம் தேடுவது: எந்த இடைச்செருகலை எப்போது நம்பலாம்?

கையில் ஒரு அட்டவணை. இடது பக்கம் தூரமோ நேரமோ வெப்பநிலையோ, வலது பக்கம் அதற்கான மதிப்பு. மதிப்பு எந்த இடத்தில் மிகவும் குறைகிறது என்று சொல்ல வேண்டும், ஆனால் உண்மையான அடிப்புள்ளி, அதாவது சிறுமம், இரண்டு வரிகளுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. வரிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதை ஒரு வளைவால் நிரப்புவதுதான் இடைச்செருகல். மூலக்கூறின் பிணைப்பு நீளம் கணக்கிடுபவர்கள், ஒலியில் சுருதி தேடுபவர்கள், கேமராவின் ஃபோகஸைத் தானாகச் சரிசெய்ய நிரல் எழுதுபவர்கள் என்று எல்லோரும் கடைசியில் இதே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். மூன்று புள்ளியில் பரவளையம் போட்டால் போதுமா, துண்டு துண்டான கோவைகளை வழவழப்பாக ஒட்டிய ஸ்ப்லைன் வேண்டுமா, இல்லை எல்லாப் புள்ளிகள் வழியாகவும் போகும் ஒரே பல்லுறுப்புக்கோவையை எழுதிவிடலாமா?

"மூன்று புள்ளி போதும்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். பல நேரம் அது போதும்தான். எப்போது போதாது என்பதை மட்டும் யாரும் கூடவே சொல்வதில்லை. அந்த நேரத்தில் நிரல் எந்த எச்சரிக்கையும் தராது, ஆறு தசம இடத்துடன் ஒரு தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதனால் இங்கே ஒவ்வொரு முறையையும் ஒரே தரவில் ஓட்டி, வரும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எவ்வளவு துல்லியம் தேவை? இதை முதலில் கேட்காமல் முறையைத் தேடுவது வீண். சுருதி கண்டுபிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அலையைத் தன்னோடே கொஞ்சம் தள்ளி வைத்து ஒப்பிட்டு, வேறுபாடு எந்தத் தள்ளலில் குறைகிறது என்று பார்ப்பது ஒரு வழக்கமான வழி. நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் பதிவில் 1,500 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்று 29.4 மாதிரி நீளம். முழு எண்ணாக 29 என்று எடுத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 1,520.7 ஹெர்ட்ஸ், அதாவது அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு விலகல். பாடுகிறவருக்கு அது காதில் விழும். அதனால்தான் 2002இல் டெ ஷெவெய்னே, கவஹாரா இருவரும் வெளியிட்ட 'யின்' முறையில் பரவளைய இடைச்செருகல் ஒரு தனிப் படியாகவே இருக்கிறது. அதே பதிவில் 100 ஹெர்ட்ஸ் முரசொலியைத் தேடுகிறீர்கள் என்றால் ஒரு சுற்று 441 மாதிரி, இடைச்செருகலே தேவைப்படாமல் போகலாம்.

மதிப்புகளில் இரைச்சல், அதாவது உண்மையான மதிப்பிலிருந்து தாறுமாறான சிறு விலகல், இருக்கிறதா? கருவியில் அளந்த எண் என்றால் நிச்சயம் இருக்கும். கணினியில் கணக்கிட்ட எண்ணிலும் இருக்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறுசெய்கையை எந்த அளவில் நிறுத்தினோம், கணக்கிடும் கட்டங்கள் எவ்வளவு நுண்மை என்பதெல்லாம் இரைச்சலாகத்தான் வந்து சேரும்.

புதிதாகப் புள்ளி எடுக்க முடியுமா, எடுத்தால் என்ன செலவு? பழைய பதிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும், சார்பை நொடிக்கு ஆயிரம் முறை அழைக்கக்கூடியவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

பள்ளம் சமச்சீரா? என்னைப் பொறுத்தவரை நான்கில் இதுதான் பெரிய கேள்வி, மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் ஏறும் பள்ளத்தில் சமச்சீரான வளைவைப் பொருத்தினால் அடிப்புள்ளி சாய்வான பக்கம் தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளும் என்பதைக் கீழே எண்ணிலேயே பார்க்கலாம்.

## சோதனைத் தரவு: ஹைட்ரஜன் மூலக்கூறு

இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு நடுவிலான தூரத்தை மாற்றிக்கொண்டே போனால் ஆற்றல் எப்படி மாறுகிறது என்பதை 1965இல் போலந்தைச் சேர்ந்த கோவோஸ், வோல்னியேவிச் இருவரும் மிகத் துல்லியமாகக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஐந்து வரிகளை மட்டும் ஆறு தசமத்துக்குச் சுருக்கி எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் அணு அலகில். நீளத்தின் ஒரு அணு அலகு 0.529 ஆங்ஸ்ட்ராம்.

| தூரம் | ஆற்றல் |
|---|---|
| 1.2 | −1.164934 |
| 1.3 | −1.172346 |
| 1.4 | −1.174475 |
| 1.5 | −1.172854 |
| 1.6 | −1.168582 |

உண்மையான சிறுமம் 1.4011இல் இருக்கிறது, ஆங்ஸ்ட்ராமில் 0.7414. விடை தெரிந்த கணக்கு என்பதால் யார் எவ்வளவு தவறுகிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரியும். அணுக்களை நெருக்கினால் ஆற்றல் சட்டென்று ஏறுகிறது, விலக்கினால் மெதுவாக ஏறுகிறது, ஆகவே பள்ளம் சமச்சீரில்லாதது. இரைச்சல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

## அட்டவணையின் மிகச் சிறிய எண்ணை அப்படியே எடுப்பது

விடை 1.4000, பிழை 0.0011. இந்தத் தரவில் அது அதிர்ஷ்டம்தான், உண்மையான அடி தற்செயலாக ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. பொதுவாக ஒரே பள்ளம் உள்ள சார்பில் இந்த முறை தரும் ஒரே உத்தரவாதம், உண்மையான அடி இடது அண்டைக்கும் வலது அண்டைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதுதான். ஆனாலும் எந்த முறைக்குப் போனாலும் முதல் படி இதுவே. இடைவெளி உங்கள் தேவையைவிட நுண்மையாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

## மூன்று புள்ளிப் பரவளையம்

மிகச் சிறிய மதிப்பை நடு என்றும், அதன் அண்டை மதிப்புகளை இடது, வலது என்றும் வைத்துக்கொண்டால், நடுப்புள்ளியிலிருந்து நகர வேண்டிய தூரம்:

நகர்வு = (இடைவெளி ÷ 2) × (இடது − வலது) ÷ (இடது + வலது − 2 × நடு)

நம் தரவில் மேலே 0.000508, கீழே 0.003750, நகர்வு 0.0068. விடை 1.4068. பிழை 0.0057. அதாவது ஒன்றுமே செய்யாமல் 1.4 என்று எழுதியிருந்தால் வந்திருக்கும் பிழையைப் போல ஐந்து மடங்கு.

இதைப் பார்த்துவிட்டுப் பரவளையமே மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும். நடுப்புள்ளியின் சாய்வை இரண்டு அண்டைப் புள்ளிகளை மட்டும் வைத்து மதிப்பிடுகிறோம், அந்த மதிப்பீட்டில் மூன்றாம் வகைக்கெழு வந்து கலந்துவிடுகிறது. விளைவாக அடிப்புள்ளி நகரும் அளவு: இடைவெளியின் வர்க்கம் × மூன்றாம் வகைக்கெழு ÷ (6 × இரண்டாம் வகைக்கெழு). இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காகும். சமச்சீரான பள்ளத்தில் மூன்றாம் வகைக்கெழு சுழி, அங்கே பரவளையம் பிரமாதமாக வேலை செய்யும்.

இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் தீர்ந்தது என்று தோன்றும். இரைச்சல் இருந்தால் தீராது. இரைச்சலால் வரும் பிழை இடைவெளிக்குத் தலைகீழாக ஏறுகிறது. மேலே உள்ள ஆற்றல்களில் 0.00001 அளவு இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 0.1 என்றால் அதனால் அடிப்புள்ளி ஏறத்தாழ 0.0002 ஆடும். இடைவெளியை 0.01 ஆக்கினால் சமச்சீரின்மைப் பிழை நூறில் ஒரு பங்காகிவிடும், ஆனால் ஆட்டம் பத்து மடங்காகி 0.0019க்குப் போய்விடும். அருகருகே இருக்கும் மூன்று எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால் வகுத்தலின் கீழே இருக்கும் இரண்டாம் வேறுபாடு இரைச்சலில் கரைந்துபோகிறது. இன்னும் மோசமானால் அது எதிர்க்குறிக்கே போகும், அப்போது சூத்திரம் சிறுமத்துக்குப் பதில் பெருமத்தைக் காட்டும். நிரலில் அந்தக் குறியைச் சோதிக்கும் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

பரவளையம் சரியான தேர்வாகும் இடங்கள்: பள்ளம் கிட்டத்தட்டச் சமச்சீர், இடைவெளி பள்ளத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால் சிறியது, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஓட வேண்டும். சுருதி கண்டறிதலும் ரேடார் எதிரொலி நேரமும் இந்த வகை.

### மாறியை மாற்றிவிட்டுப் பரவளையம்

பைசா செலவில்லாத வழி இது, அதைப் பயன்படுத்தாதவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதே மூன்று புள்ளிகள், அதே பரவளையம், தூரத்துக்குப் பதிலாக 1/தூரத்தை மாறியாக வைத்துக்கொள்ளுங்கள். விடை 1.3997, பிழை 0.0014. ஒரு வகுத்தலால் பிழை நான்கில் ஒரு பங்காகிவிட்டது. நெருங்கும்போது செங்குத்தாகவும் விலகும்போது மெதுவாகவும் ஏறும் வளைவு, தலைகீழ் தூரத்தில் வரைந்தால் ஏறத்தாழச் சமச்சீராகிவிடுவதுதான் காரணம்.

மாறியைப் போல மதிப்பையும் மாற்றலாம். மணி போன்ற காஸியன் வடிவ உச்சி என்றால் மடக்கை எடுத்துவிட்டுப் பரவளையம் போடுங்கள், காஸியனின் மடக்கை பரவளையமே என்பதால் இரைச்சல் இல்லாதபோது விடை சரியாகவே வரும். உச்சி தேடுவதும் குறியை மாற்றிப் போட்டால் சிறுமம் தேடுவதும் ஒன்றுதான். திடப்பொருள் இயற்பியலில் படிகத்தின் ஆற்றலுக்குப் பரவளையத்தைப் பொருத்தாமல், 1947இல் பிர்ச் கொடுத்த சமன்பாட்டைப் பொருத்துவதும் இதே யோசனைதான், அதில் கனஅளவின் மூன்றில் இரண்டு படி தலைகீழாக வந்து அமர்ந்திருக்கும். உங்கள் சார்பு எந்த இயற்பியலிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதைச் சூத்திரத்துக்குள் நுழைத்துவிடுங்கள்.

## ஐந்து புள்ளிகள்

இன்னும் இரண்டு அண்டைப் புள்ளிகள் கையில் இருந்தால் அவற்றை விடக் கூடாது. நடுப்புள்ளியின் சாய்வுக்கு இடமிருந்து வலமாக 1, −8, 0, 8, −1 என்ற கெழுக்களால் பெருக்கிக் கூட்டி 12ஆல் வகுங்கள். வளைவுக்கு −1, 16, −30, 16, −1, அதையும் 12ஆல் வகுங்கள். சாய்வை வளைவால் வகுத்து, குறியை மாற்றி, இடைவெளியால் பெருக்கினால் நகர்வு. நம் தரவில் நகர்வு 0.0009, விடை 1.4009, பிழை 0.0002. மூன்று புள்ளிப் பரவளையத்தின் பிழையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அடிப்புள்ளி நடுவிலிருந்து நன்றாக விலகியிருந்தால் இந்த ஒரே நகர்வு போதாது, நாற்படிக் கோவையையே எழுதி அதன் வகைக்கெழுவின் மூலத்தைத் தேட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால் இரைச்சல் கொஞ்சம் கூடும். சாய்வில் கலக்கும் இரைச்சல் மூன்று புள்ளிச் சூத்திரத்தைவிட மூன்றில் ஒரு பங்குதான் அதிகம், அதனால் பெரும்பாலும் கொடுத்துவிடலாம். இன்னொன்று, ஐந்து புள்ளிகளும் ஒரே பள்ளத்துக்குள் இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளத்தின் புள்ளி உள்ளே வந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

## முப்படி ஸ்ப்லைன்

பலருக்கும் முதலில் மனதில் வருவது இதுதான். சைபை, மேட்லாப் போன்ற கணக்கீட்டு மென்பொருள்களில் ஒரே வரியில் கிடைக்கிறது, அட்டவணை முழுவதையும் வழவழப்பான ஒரு வளைவாக்கிவிடுகிறது, பல பள்ளங்கள் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு துண்டும் முப்படி என்பதால் வகைக்கெழு இருபடி, ஆகவே அதன் மூலங்களைச் சூத்திரத்திலேயே எழுதிவிடலாம். ஸ்ப்லைனைக் கட்டிவிட்டு அதன்மேல் இன்னொரு தேடல் நிரலை ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேடல் நிரல் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் நின்றுவிடும், மூலங்களைக் கணக்கிட்டால் எல்லாப் பள்ளமும் கிடைக்கும்.

ஆனால் "முப்படி ஸ்ப்லைன்" என்று சொன்னால் மட்டும் போதாது, முனைகளில் என்ன நிபந்தனை வைத்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்களில் முதலில் வரும் இயல்பு ஸ்ப்லைன், இரு முனைகளிலும் இரண்டாம் வகைக்கெழுவைச் சுழியாக்குகிறது. நம் ஐந்து புள்ளிகளில் அது தரும் விடை 1.3976. அடிப்புள்ளி 1.4க்கு வலது பக்கம் இருக்க, இது இடது பக்கம் போய் நிற்கிறது. முனையில் வளைவு இல்லை என்று நாம் சொன்னது பொய், அந்தப் பொய் இரண்டு புள்ளி தாண்டி நடுவரைக்கும் வந்துவிட்டது. அதே ஐந்து புள்ளிகளில், முதல் இரண்டு துண்டுகளும் ஒரே முப்படியாகவும் கடைசி இரண்டும் ஒரே முப்படியாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தால் விடை 1.4010. சைபையின் முப்படி ஸ்ப்லைனும் மேட்லாபின் ஸ்ப்லைனும் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் எடுத்துக்கொள்கின்றன, நல்லதாகப் போயிற்று. சொந்தமாக ஸ்ப்லைன் நிரல் எழுதுபவர்கள், பழைய நிரல்களை எடுத்து ஓட்டுபவர்கள் மட்டும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை நீளமாகவும் பள்ளம் முனைகளிலிருந்து தள்ளியும் இருந்தால் முனை நிபந்தனையின் பாதிப்பு வேகமாக மங்கிவிடும், அப்போது எதை வைத்தாலும் ஒன்றுதான்.

### வடிவம் காக்கும் ஸ்ப்லைனைச் சிறுமத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்

ஸ்ப்லைன் தேவையில்லாமல் அலைகிறது என்று பார்த்தவுடன், 1980இல் ஃப்ரிட்ச், கார்ல்சன் இருவரும் கொடுத்த ஏறுமுக இறங்குமுகத்தைக் காக்கும் இடைச்செருகலுக்குப் பலர் மாறுகிறார்கள். படம் வரைய அது அருமையான கருவி. சிறுமம் தேட அதனால் முடியவே முடியாது, ஏனென்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ மட்டும் இருக்க வேண்டும் என்பதே அதன் விதி. ஆகவே அதன் சிறுமம் எப்போதும் ஏதாவது ஒரு மாதிரிப் புள்ளியிலேயே விழும். நம் தரவில் 1.4000, வேறெதுவும் வராது. நேர்கோட்டு இடைச்செருகலுக்கும் இதே கதி. இந்த இரண்டில் ஒன்றைக் கட்டி அதன்மேல் பத்து தசமத் துல்லியத்தில் தேடல் நிரலை ஓட்டினால், அட்டவணையின் மிகச் சிறிய எண்ணைத்தான் சுற்றி வளைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்.

## எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே பல்லுறுப்புக்கோவை

சம இடைவெளியில் எடுத்த புள்ளிகள் என்றால் வேண்டாம். 1901இல் ருங்கே காட்டிய எடுத்துக்காட்டு இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. 1/(1 + 25 × மாறியின் வர்க்கம்) என்ற சாதுவான சார்பை −1 முதல் 1 வரை பதினொரு சம இடைவெளிப் புள்ளிகளில் எடுத்துப் பத்தாம் படிக் கோவையைப் போட்டால், முனைகளுக்குப் பக்கத்தில் பிழை ஏறத்தாழ 1.9 வரை போகிறது. சார்பின் மிகப்பெரிய மதிப்பே 1தான். ஒருபோதும் சுழிக்குக் கீழே போகாத அந்தச் சார்புக்கு இந்தக் கோவை சுழிக்குக் கீழே ஒரு சிறுமத்தைக் காட்டும்.

புள்ளிகளை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் கதையே வேறு. முனைகளில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் அமையும் செபிஷேவ் புள்ளிகளில் மாதிரி எடுத்தால் உயர்படிக் கோவை மிக வேகமாக உண்மையை நெருங்கும், வகைக்கெழுவின் எல்லா மூலங்களையும் ஒரு அணியின் ஐகன் மதிப்புகளாகக் கண்டுபிடித்துவிடலாம். வழவழப்பான சார்பு, இரைச்சல் இல்லை, எல்லாப் பள்ளமும் வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## இரைச்சல் உள்ள தரவு: பொருத்துவது

இரைச்சல் இருக்கும்போது எல்லாப் புள்ளிகள் வழியாகவும் போகும் வளைவு இரைச்சலையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடும். அப்போது மீச்சிறு வர்க்க முறையில், அதாவது விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி, ஒரு தாழ்படிக் கோவையைப் பொருத்த வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தப் படி என்பதில்தான் சறுக்கல். ஐந்து புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு பரவளையத்தைப் பொருத்துவது பரவலான பழக்கம். நம் தரவில் அதன் விடை 1.4201, பிழை 0.019. இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். மூன்று புள்ளிப் பரவளையத்தோடு ஒப்பிட்டால் ஐந்து புள்ளிப் பொருத்தம் இரைச்சலைப் பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது, ஆனால் சமச்சீரின்மைப் பிழையை 3.4 மடங்காக்கிவிடுகிறது. பொருத்தும் புள்ளிகளின் பரப்பை அகலமாக்க அகலமாக்க இரைச்சல் அடங்கும், சமச்சீரின்மைப் பிழை ஏறும்.

படியை இரண்டிலிருந்து மூன்றாக்குங்கள், விடை 1.4009. சாவிட்ஸ்கி, கோலே இருவரின் 1964ஆம் ஆண்டு அட்டவணைகளைப் பார்த்தால் ஐந்து புள்ளி முப்படிப் பொருத்தத்தின் சாய்வுக் கெழுக்கள் 1, −8, 0, 8, −1 என்றே இருக்கும், மேலே ஐந்து புள்ளிச் சூத்திரத்தில் வந்த அதே எண்கள். இரைச்சலும் வேண்டாம், சமச்சீரின்மையும் வேண்டாம் என்றால் ஏழோ ஒன்பதோ பதினொன்றோ புள்ளிகளுக்கு முப்படியைப் பொருத்துங்கள்.

## ஒரே தரவு, எல்லா விடைகளும்

| முறை | புள்ளிகள் | விடை | விலகல் |
|---|---|---|---|
| மிகச் சிறிய எண் | 5 | 1.4000 | −0.0011 |
| பரவளையம், தூரத்தில் | 3 | 1.4068 | +0.0057 |
| பரவளையம், 1/தூரத்தில் | 3 | 1.3997 | −0.0014 |
| பரவளையப் பொருத்தம் | 5 | 1.4201 | +0.0190 |
| முப்படிப் பொருத்தம் | 5 | 1.4009 | −0.0002 |
| ஐந்து புள்ளி நாற்படி | 5 | 1.4009 | −0.0002 |
| இயல்பு ஸ்ப்லைன் | 5 | 1.3976 | −0.0035 |
| முனையில் இரு துண்டும் ஒரே முப்படி | 5 | 1.4010 | −0.0001 |
| வடிவம் காக்கும் ஸ்ப்லைன் | 5 | 1.4000 | −0.0011 |

நன்றாக வந்த மூன்றும் வேறு வேறு பெயருள்ள முறைகள். மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பள்ளத்தின் ஒருபக்கச் சாய்வுக்கு, அதாவது மூன்றாம் வகைக்கெழுவுக்கு, முனையில் பொய் சொல்லாமல் இடம் கொடுத்திருக்கின்றன.

## சார்பை மறுபடி அழைக்க முடிந்தால்

அப்படியானால் அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அட்டவணையிலிருந்து மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள், நடு மதிப்பு மற்ற இரண்டையும்விடக் குறைவாக இருந்தால் போதும், பிரெண்ட் முறையிடம் கொடுத்துவிடலாம். ரிச்சர்ட் பிரெண்ட் 1973இல் கொடுத்த இந்த முறை ஒவ்வொரு அடியிலும் பரவளையத்தையே முயன்று பார்க்கிறது, பரவளையம் காட்டும் இடம் நம்பத்தகாதது என்றால் தேடும் இடைவெளியை ஒரே விகிதத்தில் சுருக்கிக்கொண்டே போகும் பொன் விகிதத் தேடலுக்குத் திரும்பிவிடுகிறது. பொன் விகிதத் தேடல் மட்டும் என்றால் ஒவ்வோர் அழைப்பிலும் அந்த இடைவெளி 0.618 மடங்காகும், பத்து லட்சத்தில் ஒரு பங்காக்க 29 அழைப்புகள் தேவை. பரவளையம் கைகொடுக்கும்போது அதைவிட மிகக் குறைவாகவே முடிந்துவிடும். ஒரே பரவளையத்தில் இருந்த சமச்சீரின்மைப் பிழையும் இங்கே பிரச்சினையில்லை, அடிக்குப் பக்கத்தில் புதுப் புள்ளி வர வர அது தானாகவே மறைந்துவிடும்.

ஒரு வரம்பு மட்டும் உண்டு. கணினிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் இரட்டைத் துல்லிய எண்களில், மதிப்புகளை மட்டும் வைத்துத் தேடும்போது அடிப்புள்ளியின் இடத்தை ஏறத்தாழ எட்டு இலக்கத்துக்கு மேல் பிடிக்க முடியாது. அடியில் வளைவு தட்டையாக இருப்பதால் இடம் மாறினாலும் மதிப்பு மாறுவதில்லை. அதற்கும் மேல் தேவையென்றால் வகைக்கெழு வேண்டும். வகைக்கெழுவே கிடைக்கிறது என்றால், உதாரணமாக மூலக்கூறு நிரல்கள் ஆற்றலோடு விசையையும் சேர்த்துத் தருவது போல, ஆற்றலை விட்டுவிட்டு விசை சுழியாகும் இடத்தைத் தேடுங்கள். இரைச்சலுக்கும் அதுதான் நல்லது, புள்ளிகளும் குறைவாகவே தேவைப்படும்.

## ஒரு புள்ளிக்கே பல மணி நேரம் ஆகும் என்றால்

இங்கே காஸியன் செயல்முறை வருகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சில துளைகளின் தாது அளவை வைத்து மற்ற இடங்களை மதிப்பிட டேனி கிரிகே 1951இல் எழுதிய வேலையிலிருந்து வளர்ந்த முறை இது, கிரிகிங் என்ற பெயரும் அவரால்தான். வளைவோடு கூடவே ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்பதையும் தருவது இதன் பலம். அதை வைத்து அடுத்த புள்ளியை எங்கே எடுத்தால் அதிகம் லாபம் என்று தீர்மானிக்கும் வழியை ஜோன்ஸ், ஷோன்லவ், வெல்ச் மூவரும் 1998இல் கொடுத்தார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. கணக்கு புள்ளிகளின் எண்ணிக்கையின் முப்படியில் ஏறும், சில ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சாதாரண வடிவில் ஓட்டுவது கஷ்டம். அதைவிட முக்கியமானது, சார்பு எவ்வளவு தூரத்தில் மாறும் என்ற நீள அளவை அதே சில புள்ளிகளிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும், ஐந்தாறு புள்ளியில் அது தாறுமாறாகப் போகலாம். ஒரே மாறி, வழவழப்பான ஒரே பள்ளம் என்றால் இவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. இரண்டிலிருந்து பத்துப் பதினைந்து மாறிகள், பல பள்ளங்கள், அழைப்புக்கு அதிகச் செலவு என்ற மூன்றும் சேரும் இடத்தில் இதை எடுங்கள். மாறிகள் பல, ஆனால் பள்ளம் ஒன்றுதான் என்றால் மைக்கேல் பவல் 2009இல் வெளியிட்ட 'போபிகா' போன்ற முறைகள் நல்லவை, அவை பல மாறிப் பரவளையத்தை முழுப் புள்ளிகளும் இல்லாமலேயே கட்டிக்கொள்கின்றன.

## எதை எடுத்தாலும் செய்ய வேண்டிய சோதனை

விடை தெரியாத கணக்கில் பிழையை எப்படி அறிவது? ஒன்று விட்டு ஒன்று புள்ளிகளை நீக்கிவிட்டு அதே முறையை மறுபடி ஓட்டுங்கள். நம் தரவில் 1.2, 1.4, 1.6 மட்டும் வைத்துப் பரவளையம் போட்டால் விடை 1.4236. முழு இடைவெளியில் வந்தது 1.4068. இரண்டுக்கும் நடுவே 0.0168 வித்தியாசம், இதுவே மணி அடித்துவிடுகிறது. இரைச்சல் இல்லாதபோது பரவளையத்தின் பிழை இடைவெளியின் வர்க்கத்தில் போகிறது என்று தெரியும் என்பதால், அந்த வித்தியாசத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.0056, நுண்மையான விடையில் இருக்கும் பிழை. உண்மையில் இருந்தது 0.0057. அதைக் கழித்துவிட்டால் 1.4012 வருகிறது, வெறும் பரவளையத்தை இரண்டு முறை போட்டே. இரைச்சல் உள்ள தரவில் இந்தக் கழித்தலைச் செய்ய வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்: இடைவெளியை இரட்டிப்பாக்கியதும் விடை ஒரே பக்கமாக நகர்ந்தால் சமச்சீரின்மை, வேறு வேறு அளவீடுகளில் அங்கும் இங்கும் குதித்தால் இரைச்சல்.